ஒரே வீட்டில் நான்கு விதக் கறை

வாசகர் கேள்வி

கோத்தகிரிக்கு அருகில் தேயிலைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வசிக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். என் முன்பற்களில் சிறு வயதிலிருந்தே பழுப்புத் திட்டுகள் உண்டு. 2008-இல் பிறந்த என் மகள் ஐந்து வயது வரை என் தாய் வீட்டில் வளர்ந்தாள். அவளுடைய பால் பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. மலைக்கு வந்த பிறகு முளைத்த பற்களில்தான் என்னைப் போலவே திட்டுகள் தெரிந்தன. இங்கேயே பிறந்து வளர்ந்த மகனுக்கு இப்போது பதினோரு வயது. அவனுக்குத் திட்டுகள் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் படிக்கட்டில் விழுந்ததிலிருந்து மேல் முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறமாகி வருகிறது. கணவர் தொழிற்சாலையில் நாளுக்கு எட்டு, பத்து முறை பால் சேர்க்காத சாயத்தண்ணி குடிப்பவர். அவருடைய பற்கள் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய என் மாமியார் நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை போடுகிறவர். "பழுப்புப் பல் உன் பிறந்த வீட்டுச் சீர்" என்று அவர் என்னைக் குத்திக் காட்டுகிறார். கணவரோ எல்லாம் மலைத் தேத்தண்ணியின் வேலை என்கிறார். மகள் கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு எலுமிச்சையும் சோடா மாவும் கலந்து தேய்க்கத் தொடங்கியிருக்கிறாள். யார் சொல்வது சரி? எதைத் தேய்த்தால் வெளுக்கும்? மாமியாருக்கு இப்போதெல்லாம் காரம் பட்டால் வாய் எரிகிறது. அதற்கும் நல்ல பற்பசை ஒன்று சொல்லுங்கள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் கடைசியாக எழுதியிருப்பதையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகள் வெற்றிலை போட்ட ஒருவருக்குக் காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், அது பற்பசையால் தீரும் குறை அன்று. பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற பொருள்கள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை மெல்ல மெல்லப் பெருகச் செய்கின்றன. இளஞ்சிவப்பாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டிய கன்னம் நாளடைவில் வெளுத்து, தடித்து, உள்ளே கயிறு இழுத்துக் கட்டியதுபோல் விறைத்துப்போகிறது. முதலில் வருவது எரிச்சல். வாய் திறக்க முடியாமல் குறுகுவது அதற்குப் பிறகு. அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லையென்றால் குறுக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். நுழைந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஜன்னலோர வெளிச்சத்தில் அவரை உட்கார வைத்து, வெற்றிலையை வழக்கமாக அடக்கிக்கொள்ளும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைப் படலமோ, வெல்வெட் துணிபோன்ற சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, கைக்குத் தட்டுப்படும் கட்டியோ இருந்தால், அந்த வாரமே அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் தேவைப்பட்டால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதானே" என்று என் மருத்துவ நாற்காலியில் அமர்ந்து சொல்லாதவர்கள் குறைவு. புகையிலை இல்லாமலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியிருக்கிறது. மழையிலும் பனியிலும் அட்டைக்கடிக்கு நடுவே நின்று கொழுந்து பறித்த தலைமுறைக்கு ஒரு வாய் வெற்றிலை எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆகையால் அவரைக் கடிந்து நிறுத்தச் சொல்லாமல், எரிச்சலைக் காரணம் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள். அவருடைய பல்லின் கருஞ்சிவப்பு நிறம் பாக்கின் துவர்ப்புப் பொருள் சுண்ணாம்புடன் சேர்ந்து சிவந்து, பின் காற்றுப்பட்டுக் கறுத்துப் படிந்தது. மருத்துவர் கருவி கொண்டு எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். வாயைச் சோதிக்காமல் கறையை மட்டும் எடுத்துவிட்டு வருவதில் எந்தப் பயனும் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான், அது ஏன் மாறுகிறது என்பது விளங்கும். நாம் வெளியே பார்க்கும் எனாமல் உண்மையில் வெண்மையானது அன்று. பனிமூட்டத்தின் வழியே தெரியும் விளக்குபோல, தன் அடியில் இருப்பதை மங்கலாகக் காட்டும் ஓர் அரைகுறைக் கண்ணாடி அது. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்பால் ஆன, நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் அடியில் உள்ள டென்டின் இயல்பாகவே இளமஞ்சள் நிறமுடையது. ஆரோக்கியமான பல் சற்று மஞ்சள் கலந்தே தெரிவதற்கும், வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து டென்டின் தடித்து மஞ்சள் கூடுவதற்கும் இதுவே காரணம். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்க்கும் காகித வெள்ளை இயற்கையான பல்லின் நிறமே அன்று என்பதை உங்கள் மகளிடம் சொல்லி வையுங்கள்.

ஒரு பல் நிறம் மாறியிருந்தால் நான் முதலில் கேட்பது, அந்த நிறம் கண்ணாடியின் மேல் படிந்ததா, கண்ணாடிக்குள்ளேயே உருவானதா, கண்ணாடிக்கு அடியில் இருப்பது மாறியதா என்பதைத்தான். உங்கள் வீட்டில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் எண்ணியதில்தான் குழப்பம் தொடங்கியிருக்கிறது.

உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் உள்ள திட்டுகளை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில், பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளூரைடு மிகுதியாக இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஒரு லிட்டர் குடிநீரில் ஃப்ளூரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. பல் உருவாகும் வயதில் அதற்கு மேல் தொடர்ந்து குடித்த குழந்தையின் எனாமல் முழுமையாக இறுகாமல், மேற்பரப்புக்கு அடியில் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட பல் முளைக்கும்போது சுண்ணாம்புக்கட்டிபோல் வெளிறிய கோடுகளோடு வரும்; முளைத்த பிறகு அந்த நுண்துளைகள் உணவின் நிறத்தை உறிஞ்சிக்கொண்டு பழுப்பாகும். ஃப்ளூரோசிஸ் என்பது இதுதான்.

நம் நாட்டில் இந்நோயை முதன்முதலாக மருத்துவ உலகத்துக்கு எடுத்துக்காட்டியதும் நம் பக்கத்து ஆய்வாளர்களே. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து மக்களிடம் கண்டவற்றை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் 1937-இல் எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததற்கு முதற்காரணமும் இந்த ஃப்ளூரைடே. உங்கள் மகள் 2008-இல் பிறந்து ஐந்து வயதில் மலை ஏறிவிட்டாள் என்கிறீர்கள். ஆக, அவள் அங்கே குடித்து வளர்ந்தது பெரும்பாலும் பழைய ஆழ்துளைக் கிணற்று நீராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால், பாலக்கோட்டில் இருந்தவரை வெள்ளையாக இருந்த பல் கோத்தகிரிக்கு வந்த பிறகு ஏன் பழுத்தது என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் அவர் பார்த்த பற்கள் வேறு வேறு. வெள்ளையாக இருந்தவை பால் பற்கள். அவை பெரும்பாலும் தாயின் வயிற்றிலும் முதல் சில மாதங்களிலும் உருவாகிவிடுவதால் ஃப்ளூரைடின் தாக்கம் அவற்றில் குறைவாகவே தெரியும். நிலையான மேல் முன்பல்லோ குழந்தை பிறந்த மூன்று, நான்கு மாதத்தில் தாடை எலும்புக்குள் உருவாகத் தொடங்கி, நான்கு அல்லது ஐந்து வயதில் அதன் முடிப்பகுதி முழுமை பெற்று, ஏழு வயதை ஒட்டித்தான் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கோத்தகிரியில் முளைத்த பல் பாலக்கோட்டு நீரில் செய்யப்பட்ட பல். இதை வீட்டிலேயே ஓரளவு சரிபார்க்கலாம். கடைசியிலிருந்து எண்ணினால், ஞானப்பல்லுக்கு முந்திய இரண்டாம் கடைவாய்ப் பல் ஏறத்தாழ மூன்று வயதில் உச்சியிலிருந்து உருவாகத் தொடங்கி எட்டு வயதில் முடிவது. அதன் மெல்லும் பரப்பில் திட்டு இருந்து ஈறை ஒட்டிய பகுதி தெளிவாக இருந்தால், அவள் மலை ஏறிய ஆண்டையே அந்தப் பல் குறித்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். திட்டுகள் இடப்புறமும் வலப்புறமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே அமைப்பில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஃப்ளூரோசிஸ் அப்படித்தான் இணை இணையாக வரும்.

உங்கள் மாமியாரின் சொல்லுக்கு உங்கள் மகனே விடை. அவனும் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை, அதே வீட்டுச் சோற்றையும் தேநீரையும் உண்டவன்; ஆனால் குடித்து வளர்ந்தது மலை ஊற்று நீர். இங்கே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மழை பெய்து சோலையிலும் சதுப்பிலும் ஊறி வழியும் நீருக்குப் பாறையோடு ஆண்டுக்கணக்கில் கிடந்து ஊறும் வாய்ப்பு இல்லாததால், ஃப்ளூரைடு பொதுவாகக் குறைவு. பரம்பரையாகவே எனாமல் சரியாக உருவாகாத நோய்கள் உண்டு என்பது மெய்தான்; ஆனால் அவை அரிதானவை, பெரும்பாலும் பால் பற்களையும் விட்டுவைக்காதவை. ஆகவே பிறந்த வீட்டிலிருந்து நீங்கள் ஏதேனும் கொண்டுவந்திருந்தால் அது அந்த ஊர்க் கிணற்று நீர்தான், குலத்தின் குறை அன்று. இன்னொன்று: குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தாலும் பல்லில் பழுப்பும் சாம்பலுமான குறுக்குப் பட்டைகள் விழும். அம்மருந்தை எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் தவிர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மகளுக்குச் சிறு வயதில் நீண்ட காய்ச்சலும் மருந்தும் இருந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஃப்ளூரைடு என்ற பெயரைக் கேட்டதும் வீட்டுப் பற்பசையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் முன்பற்களில் புதிதாக ஃப்ளூரோசிஸ் வராது. நீரில் ஃப்ளூரைடு குறைந்த மலைப்பகுதியில் சொத்தைப்பல்லைத் தடுக்கப் பற்பசையில் உள்ள ஃப்ளூரைடே பெரும் துணை. பல் துலக்கியபின் துப்பத் தெரியாத சிறு குழந்தைக்கு அரிசி மணி அளவு போதும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. தூரிகை முழுவதும் நீளமாகப் பிதுக்குவது விளம்பரப் படத்துக்கு மட்டுமே பொருந்தும்.

உங்கள் கணவரின் நிலை வேறு. அவருடைய கறை முழுக்க முழுக்க வெளியிலிருந்து வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல் நுனிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையின் சாறு பட்டுப் பட்டு, ரேகைகளெல்லாம் மை தடவியதுபோல் கறுத்திருக்கும். சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. தொழிற்சாலையில் பச்சை இலையை நசுக்கிக் காற்றில் பரப்பும்போது செம்பு நிறமாக மாற்றுவதும் அதே துவர்ப்புப் பொருள்கள்தான். நன்றாகத் துலக்கி முடித்த பல்லின்மேல்கூடச் சில நிமிடங்களுக்குள் எச்சிலிலுள்ள புரதம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தேநீரின் நிறம் ஒட்டிக்கொள்வது எனாமலில் அன்று, அந்தப் படலத்தில். நாளுக்குப் பத்து முறை ஊற்றிக் கழுவாமல் அடுக்கிவைத்த பீங்கான் கோப்பையின் உட்புறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பால் சேர்த்த தேநீரில் பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் கறை குறைவு. சாயத்தண்ணியில் அந்தத் தடுப்பு இல்லை.

இவரிடம் ஒன்று விசாரிக்க வேண்டும். அண்மையில் பல் பிடுங்கியபோதோ ஈறு வீங்கியபோதோ குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து எழுதித் தந்திருந்தார்களா? பலர் இரண்டு வாரத்துக்குத் தந்த மருந்தை, வாய்க்கு இதமாக இருக்கிறது என்று கடையில் தானாக வாங்கி ஆறு மாதம் கொப்பளிக்கிறார்கள். அந்த மருந்து, தேநீரின் துவர்ப்பைப் பல்லின்மேல் வீழ்படிவாகப் படிய வைக்கும் தன்மையுடையது. இரண்டும் சேர்ந்தால் வெறும் தேநீரில் ஆண்டுக்கணக்கில் வர வேண்டிய கறை சில வாரங்களில் வந்துவிடும். நல்ல மருந்துதான், நாள் கடந்து பயன்படுத்தக் கூடாது, கொப்பளித்த உடனே தேநீரும் குடிக்கக் கூடாது.

அவருடைய கறையைப் பல் மருத்துவர் அதிர்வுக் கருவியால் ஒரே அமர்வில் எடுத்துவிடுவார். "க்ளீன் பண்ணினால் பல் ஆடும், எனாமல் போய்விடும், இடைவெளி விழும்" என்று தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பரவலாகச் சொல்வதற்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. கீழ் முன்பற்களின் உட்புறம் ஆண்டுக்கணக்கில் கல்போல் இறுகிக் கட்டிய பற்காரை, ஈறு விலகியதால் ஏற்பட்ட இடைவெளியைச் சிமென்ட் பூசியதுபோல் மறைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். காரையோடு விட்டால்தான் நாளடைவில் பல் ஆடக்கூடும். எடுத்ததால் ஆடிய பல்லை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு, தேநீர் குடித்ததும் ஒரு வாய் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்து விழுங்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பத்துக் கோப்பையை ஐந்தாக்கச் சொல்லலாம்தான். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சிறு விலகல். தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. இளங்கொழுந்தில் குறைவாகவும் முற்றிய இலையில் மிகுதியாகவும் இருக்கும். ஒரு லிட்டர் கடுஞ்சாயத்தில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது அரிதன்று. ஆகவே உங்கள் கணவரின் ஐயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பல் உருவாகி முடியாத குழந்தைகளுக்குக் கடுஞ்சாயம் பழக்குவது எந்த வகையிலும் நல்லதன்று, அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் குடித்த தேநீர் ஒன்றே. திட்டு ஒருத்திக்குத்தான் வந்திருக்கிறது.

மகளிடம் எலுமிச்சையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அவளுக்கு அந்த யோசனை ஏன் நம்பத்தக்கதாகத் தோன்றியது என்பது புரிகிறது; கொழுந்துக் கறை படிந்த விரலில் எலுமிச்சை தேய்த்தால் கறை வெளுக்கும், தேநீரில் நான்கு சொட்டு பிழிந்தாலே நிறம் இறங்கும். விரல் தோல் நாள்தோறும் புதிதாக வளர்வது. எனாமல் ஒருமுறை உருவானபின் மீண்டும் வளராதது. pH என்னும் அமில அளவுகோலில் எனாமல் கரையத் தொடங்கும் நிலை ஏறத்தாழ 5.5 என்றால், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கிறது. அந்த அளவுகோலில் எண் இறங்க இறங்க அமிலம் பன்மடங்காகும். சோடா மாவைக் கலந்ததும் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு வெளியேறுவதாக எண்ணுகிறார்கள். அது அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்ப்பதால் வரும் வாயு. மிஞ்சிய அமிலம் பல்லை அரிக்கும், மென்மையான அந்த நேரத்தில் விரலால் தேய்ப்பது அரித்ததை வழித்தெடுக்கும். முதல் சில நாட்களில் பல் சற்று வெளிறித் தெரிவது பளபளப்பு போய்ச் சொரசொரப்பானதால்தான். எனாமல் மெலிந்த பிறகு அடியிலுள்ள டென்டினின் மஞ்சள் முன்னைவிடக் கூடுதலாகத் தெரியும். அப்போது மார்கழிக் காலையில் வாய் திறந்து மூச்சு வாங்கினாலே பல் கூசும். அவளுக்கு ஏற்கெனவே கூச்சம் தொடங்கியிருந்தால், கூச்சத்துக்கான ஃப்ளூரைடு பற்பசையை இரவில் துலக்கிவிட்டுத் துப்பியபின் நீர் விட்டுக் கொப்பளிக்காமல் படுக்கட்டும்.

அடுப்புக்கரி, செங்கல் தூள், கவாத்துக் கட்டை எரித்த சாம்பல், நறநறக்கும் சிவப்புப் பல்பொடி இவற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை கறையை எடுக்கும். உப்புத்தாள் சுவர்ச் சுண்ணாம்பை எடுப்பதுபோல் எடுக்கும். வலக்கையால் துலக்குகிறவர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லின் கழுத்தில், கோடரியால் வெட்டியதுபோல் ஆப்பு வடிவப் பள்ளம் விழுந்திருப்பதை வாரத்துக்கு நான்கைந்து பேரிடமாவது பார்க்கிறேன். அழுத்தித் துலக்குவதும் நறநறக்கும் பொடியும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதற்கு நான் எதிரி அல்லன். ஆனால் நம் குளிருக்கு ஆலும் கருவேலமும் வளராததால் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் குச்சி வர வேண்டியிருக்கிறது, அதையும் நுனியைப் பூப்போல் மென்றபின் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். மென்மையான தூரிகை போதும்.

உங்கள் மகனுடைய பல்லைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கோ மாமியாருக்கு அடுத்தபடியாக அவன்மேல்தான் கவலை. இது மூன்றாவது வகை. கறை மேலே படியவுமில்லை, எனாமலுக்குள் உருவாகவுமில்லை. அடிபட்டபோது பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள மென்திசுவான பற்கூழின் இரத்தக் குழாய்கள் அறுந்து, கசிந்த இரத்தம் டென்டினின் நுண்குழல்களுக்குள் புகுந்து சிதையும்போது, நகத்தின் அடியில் இரத்தம் கட்டியது கறுப்பதுபோல் பல் சாம்பலாகும். சில பற்கள் அடிபட்ட சில மாதங்களில் தாமாகவே நிறம் திரும்புவது உண்டு. இரண்டு ஆண்டுகளாகக் கருமை கூடிக்கொண்டே வருவது பற்கூழ் இறந்திருக்கலாம் என்பதன் அறிகுறி. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இறந்த பற்கூழ் வலிக்காது, வேரின் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டும். ஈறில் பரு போன்ற சிறு கொப்புளம் வந்து உடைந்து, மீண்டும் வருகிறதா என்று பாருங்கள்.

அவன் விழுந்தது ஒன்பது வயதில் என்பது இதில் முக்கியம். மேல் முன்பல்லின் வேர் முழுமையாக வளர்ந்து நுனி மூடிக்கொள்வது ஏறத்தாழ பத்து வயதில். அதற்கு முன் பற்கூழ் இறந்தால் வேரின் வளர்ச்சி அங்கேயே நின்று, நுனி புல்லாங்குழல்போல் திறந்த நிலையில் இருக்கும். அத்தகைய பல்லுக்குப் பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரண வேர் சிகிச்சை போதாது, முதலில் நுனியில் ஓர் அடைப்பை உருவாக்க வேண்டும். ஆகையால் இந்த மாதத்துக்குள் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நிறத்தைப் பற்றி அப்போது கவலைப்பட வேண்டாம். வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்குள்ளேயே வெளுக்கும் மருந்தை வைத்து, உள்ளிருந்தே நிறத்தை மீட்கும் முறை இருக்கிறது. எவரேனும் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றால் உடன்படாதீர்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அந்த இடத்தைக் காப்பதற்குச் சொந்தப் பல்லைவிடச் சிறந்தது இல்லை.

கடைசியாக, உங்கள் மகளின் திட்டுகளுக்கும் உங்களுடையவற்றுக்கும் என்ன செய்யலாம் என்பது. தேய்ப்பதால் போகாது, நிறம் மேலே இல்லை. குறைவாகச் சேதம் செய்வதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து. முதல் படி, ஈறை ரப்பர் திரையால் மூடிவிட்டு, மருத்துவர் அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் திட்டுள்ள மேற்பரப்பை மட்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்தெடுப்பது. எலுமிச்சை வேண்டாம் என்ற நீங்களே அமிலம் வைக்கிறீர்களே என்று அவள் கேட்டால், இது சில நிமிடங்கள், சில இடங்கள், அளந்து செய்வது; அது நாள்தோறும் எல்லாப் பற்களிலும் அளவின்றிச் செய்வது என்று சொல்லுங்கள். பழுப்புத் திட்டுகள் இதிலேயே பெரும்பாலும் மட்டுப்படும். எஞ்சியதற்குப் பல்லின் அச்சில் செய்த தட்டில் கார்பமைடு பெராக்சைடு மருந்தை இரவில் வைக்கும் வெளுப்பு முறை உண்டு. அதற்கு அவள் பதினெட்டு வயது நிறையும்வரை காத்திருப்பது நல்லது. அதன்பிறகும் மங்காத வெண்திட்டுகள் இருந்தால், அந்த நுண்துளைகளுக்குள் பல்நிறப் பிசினை ஊட்டி மறைக்கலாம். பீங்கான் ஓடு ஒட்டும் சிகிச்சையை யாராவது முதல் பேச்சிலேயே பரிந்துரைத்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். அதற்காகச் செதுக்கும் எனாமல் திரும்ப வராது. பதினேழு வயதில் ஒட்டிய ஓட்டை வாழ்நாளில் பல முறை மாற்ற வேண்டிவரும். உங்களுக்கும் இதே வரிசைதான். உங்கள் பற்களில் அடைப்போ உறையோ இருந்தால் அவை மருந்துக்கு வெளுக்காது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முந்திய நாள், ஒரே ஜன்னலோரத்தில் ஒரே நேரத்து வெளிச்சத்தில் அவளுடைய பற்களைப் படம் எடுத்து வையுங்கள். சிகிச்சை முடிந்த அன்று பல் உலர்ந்திருப்பதால் வெண்திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்து அவள் அழக்கூடும். எச்சில் ஊறி இரண்டு நாள் சென்றதும் அது அடங்கும். படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் சாயத்தண்ணியும் மஞ்சள் மிகுந்த குழம்பும் அவளுக்கு வேண்டாம். பால் சேர்த்த தேநீரானாலும் ஆற வைத்துக் குடிக்கட்டும்.